பேர் சொல்லக் கூடாத மலை

தரை துடைக்கிற திரவத்தில் இப்போது எலுமிச்சம்புல் வாசனையைச் சேர்த்து விற்கிறார்கள். போன மாதம் எங்கள் வீட்டு வேலைக்கு வருகிற பெண் அதில் ஒரு பாட்டிலை வாங்கிவந்து, கூடம் முழுக்கத் துடைத்து, ஃபேனையும் ஓடவிட்டுப் போய்விட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவைத் திறந்த நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டேன், அது என்ன வாசனை என்பது அப்புறம்தான் புத்திக்கு எட்டியது. எங்கள் பக்கம் அந்தப் புல்லைச் ‘சுக்குநாறி’ என்போம். மலைப்பாதையின் இரு பக்கமும் ஆளுயரம் வளர்ந்து நின்று, ஏறிப்போகிற கூட்டத்தின் காலில் மிதிபட்டு, வெயில் ஏறும்போது மலை முழுக்க அந்த ஒரே வாசம்தான் அடிக்கும். பாட்டிலில் மீதியிருந்ததைச் சாக்கடையில் ஊற்றினேன். அந்தப் பெண்ணிடம் தரை வழுக்குகிறது என்று மட்டும் சொன்னேன்.

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான். கிழக்கே மேகமலை, மேற்கே கேரளத்து எல்லை மலை, நடுவே நெல்லும் தென்னையும் திராட்சைப் பந்தலுமாக நாங்கள். அந்த எல்லை மலையில் ஒரு முடி மட்டும் மற்றவற்றோடு சேராமல் தனியே நிமிர்ந்து நிற்கும். ஆத்தாமலை என்று பேர். உச்சியில் அந்த ஆத்தாளுக்கு, கூரை போன பழைய கற்கோயில் ஒன்று உண்டு. எந்த ராசா கட்டியது என்று படித்தவர்கள் இன்றுவரை சண்டை போடுகிறார்கள், மலையேறுகிறவர்களுக்கு அந்தக் கவலை கிடையாது. கோயிலுக்குச் சற்றுக் கீழே, இரண்டு மேடுகள் சேர்கிற கணவாயில், பச்சைத் துணி போர்த்திய ஒரு கபுறு. அதில் அடங்கியிருக்கும் மகான் யாரென்று ஒருவருக்கும் தெரியாததால் ‘பேர் தெரியாத அவுலியா’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அந்தப் பக்கம் சரிந்தால் சோலைக்காடு, அதற்கும் அப்பால் பெரியாற்று அணையின் தண்ணீர், தண்ணீர்க் கரையில் யானைகள். வருஷத்தில் ஒரு நாள், சித்திரைப் பௌர்ணமிக்கு, பள்ளத்தாக்கில் பாதிப்பேர் அந்த மலை ஏறுவார்கள்.

நாங்கள் ராவுத்தர் குடும்பம். கம்பம் கடைத்தெருவில் அத்தாவுக்கு மளிகைக் கடை. எங்கள் வீடுகளில் அப்பாவை ‘அத்தா’ என்றுதான் கூப்பிடுவோம். அத்தாவின் பாட்டனார் காலத்தில், மேய்ச்சலுக்குப் போன வண்டிமாடுகள் காட்டில் தொலைந்து, ஆத்தாவையும் அவுலியாவையும் ஒரே மூச்சில் நேர்ந்துகொண்ட மறுநாள் கிடைத்தனவாம். அன்றிலிருந்து திருவிழா அன்று மலைச் சுனைக்குப் பக்கத்தில் நின்று, ஏறிவருகிறவர்களுக்குப் பானக்கம் கரைத்து ஊற்றுவது எங்கள் வீட்டு ‘மொறை’ ஆகிவிட்டது. “ஆத்தாளுக்குப் பூ எங்க மொறை, தண்ணி ராவுத்தர் மொறை” என்று பூசாரி வீட்டார் சொல்வார்கள். அதில் யாருக்கும் ஓர் அதிசயமும் தெரிந்ததில்லை. வெல்லத்தைத் தட்டி, சுக்கும் ஏலமும் பொடித்து மூட்டை கட்டி, கருக்கலில் கிளம்பி, நாங்கள் குடும்பத்தோடு ஏறுவோம். அத்தா முன்னால், அம்மா பின்னால், நடுவே நானும் தம்பியும். தம்பி என்னைவிட நாலு வயது சின்னவன். வாய் ஓயாது. அட்டை கடித்தால் அழமாட்டான், கடிக்காவிட்டால் தனக்கு மட்டும் கடிக்கவில்லையே என்று அழுவான்.

அந்த மலைக்கு ஒரே ஒரு விதி இருந்தது. அடிவாரத்து ஓடையைத் தாண்டிவிட்டால், திரும்பி அதே ஓடையைத் தாண்டும்வரை, ஒருவரையும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. ஆத்தா புருசனைப் பறிகொடுத்துவிட்டு அழுதுகொண்டே இந்த மலை ஏறினாளாம், உச்சியில் நின்று அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாளாம், மலை அந்தப் பேரை வாங்கிக்கொண்டு பேரையே திருப்பிக் கொடுத்ததாம், ஆளைக் கொடுக்கவே இல்லையாம். “மலையில பேரச் சொன்னா மலை வச்சுக்கிரும்” என்பது எங்கள் ஊரில் எல்லா வீட்டுப் பிள்ளைக்கும் பால்குடி மறக்குமுன்னே தெரிந்த சங்கதி. அதனால் அன்றைக்கு மலையில் ‘ஏலே’க்களும் ‘அண்ணே’க்களும் ‘மச்சான்’களும் ‘உத்தமபாளையத்தாரே’க்களும்தான் இருப்பார்கள். பொம்பளைகளுக்கு இதில் ஒரு கொண்டாட்டம். “புருசன் பேரச் சொல்லாம வருசம் பூரா நாங்க இருக்கோம்ல, ஒரு நா நீங்க இருந்து பாருங்க” என்று ஆம்பளைகளைச் சீண்டிக்கொண்டே ஏறுவார்கள்.

எங்களுக்கு மட்டும் இன்னொரு வேடிக்கையும் உண்டு. நாங்கள் “அத்தா” என்று அப்பாவைக் கூப்பிடுவோம், மலை ஏறுகிற அத்தனை கூட்டமும் “ஆத்தா, தாயே” என்று அம்மனைக் கூப்பிடும். தம்பி கொஞ்சம் இழுத்துக் கூப்பிட்டுவிட்டால் போதும், முன்னால் போகிற பொம்பளைகள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், யாராவது ஒருத்தி குலவையிட, அதைக் கேட்டு அடுத்த வளைவில் இருப்பவர்களும் குலவையிட, மலை முழுக்க அது போகும். அத்தா சுமையை இறக்கிவைத்துச் சிரிப்பார். “பாத்தீகளா, எனக்குத்தான் இம்புட்டுச் சனமும் மலையேறுது” என்பார்.

நான் ஆறாம் வகுப்பு படித்த வருஷம் அது. பானக்க அண்டா முன்னால் கூட்டம் நெரிந்தது. அத்தா ஊற்றிக்கொண்டிருந்தார், அம்மா வெல்லம் கரைத்துக்கொண்டிருந்தாள், நான் குவளைகளை அலசினேன், தம்பி அலசிய குவளைகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அப்போது அந்தப் பக்கத்துக் காட்டிலிருந்து மேகம் இறங்கியது. மலையில் அது புதிதல்ல. கூட்டம் பேசிக்கொண்டே மேகத்துக்குள் நிற்கும், மேகம் போனதும் விட்ட இடத்திலிருந்து பேசும். அன்றைக்கும் அப்படித்தான் வந்தது, அப்படித்தான் போனது. போனபோது குவளைகள் இருந்தன, தம்பி இல்லை.

அம்மா முதலில் அதட்டலாகத்தான் கூப்பிட்டாள். “ஏலே!” என்றாள். நாலு திசையிலிருந்தும் நாலு பையன்கள் “என்னம்மா” என்று திரும்பினார்கள். “ஏலே தம்பி! எங்கன இருக்க?” என்றாள். இன்னும் பலபேர் திரும்பினார்கள். அன்று அந்த மலையில் இருந்த பையன்கள் எல்லாருமே ஏலேதான், எல்லாருமே தம்பிதான். அம்மாவின் குரல் அதட்டலிலிருந்து கெஞ்சலுக்கும் கெஞ்சலிலிருந்து அலறலுக்கும் மாறியது, சொல் மட்டும் மாறவில்லை. அத்தா கரண்டியைப் போட்டுவிட்டுக் கணவாய் மேட்டில் ஏறி நின்று, இரண்டு கையையும் வாய்க்குப் பக்கத்தில் குவித்தார். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் அவர் கையைப் பிடித்தார். “ராவுத்தரே, பேரச் சொல்லிராதீக. பிள்ள இங்கனதான் எங்கயாச்சும் நிக்கும். பேரச் சொன்னீகன்னா அப்புறம் இல்ல.” அவர் மிரட்டவில்லை, கெஞ்சினார். அத்தா வாயை மூடிக்கொண்டார். அந்தப் பெரியவர் சொல்லித்தான் மூடினார் என்று நான் சொல்லமாட்டேன். அத்தாவும் அதே பள்ளத்தாக்கில் பிறந்தவர், அவருக்கும் அதே நம்பிக்கைதான். “ஏலே” என்றுதான் அவரும் கூவினார்.

அந்த நேரத்தில்தான் ஜெயமங்கலத்தக்கா சோலைச் சரிவுப் பக்கமிருந்து வந்தாள். வருஷா வருஷம் எங்கள் அண்டாவில்தான் குடிப்பேன் என்று தேடிவருகிற, வெள்ளாமை செய்யும் சம்சாரி வீட்டுப் பெண். ஊர்ப்பேரால் அன்றி எங்களுக்கு அவளைத் தெரியாது. அவளும் அவளோடு வந்த பெண்களும் முகமெல்லாம் சந்தோஷமாக இருந்தார்கள். “ராவுத்தரம்மா, இன்னைக்கு ஆத்தா நேர்ல பேசிட்டா” என்றாள். “மேகத்துக்குள்ள, சோலையில இருந்து, பிள்ளக் குரல்ல ‘ஆத்தா, ஆத்தா’ன்னு கூப்பிட்டுச்சு. ஆளக் காணோம், குரலு மட்டும். நாங்க குலவை போட்டோம். போடப் போட அந்தக் குரலு இன்னும் சத்தமாக் கேட்டுச்சு. நாங்களும் விடாமப் போட்டோம்.”

அம்மா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் மெதுவாக, பாடம் சொல்லிக் கொடுப்பதுபோல, “அது ஆத்தா இல்ல தாயி” என்றாள். “அத்தா.”

ஜெயமங்கலத்தக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லாரும் சரிவுக்கு ஓடினார்கள். அங்கே குரல் இல்லை.

தேடாமல் விட்டார்கள் என்று யாரையும் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. கூட்டம் கூட்டமாக இறங்கினார்கள். காட்டை உள்ளங்கைபோலத் தெரிந்த மலைக்குடிப் பளியர்கள் வந்தார்கள். வனக் காவலர்கள் அந்தப் பக்கத்துக் கேரளத்து ஆட்களையும் அழைத்துக்கொண்டு தண்ணீர்க் கரைவரை போய்வந்தார்கள். பூசாரி வீட்டுப் பையன்கள் கால் முழுக்க அட்டை கடித்த ரத்தத்தோடு திரும்பிவந்து அத்தாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றார்கள். சட்டை கிடைக்கவில்லை, செருப்புக் கிடைக்கவில்லை, ஓர் எலும்பு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் கபுறுஸ்தானில் ஒரு குழியும் அதன்மேல் ஓதுவதற்கு ஒரு பாத்திஹாவும் எங்களுக்கு இருந்திருக்கும். அடக்கம் செய்ய மய்யித்தும் இல்லை, பிள்ளையும் இல்லை என்று ஒரு வீடு எப்படி இருக்கும் என்பதை இருந்து பார்த்தவர்கள்தாம் அறிவார்கள்.

அதன்பிறகு எங்கள் வீட்டுக்கு ஒரு கணக்கு இருந்தது. பேரைச் சொல்லாதவரை மலை அவனை வைத்துக்கொள்ளாது, ஆகவே அவன் எங்கேயோ இருக்கிறான். இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை; ஆனால் அத்தாவும் அம்மாவும் அவன் பேரை உச்சரிப்பதை நிறுத்திவிட்டார்கள். ‘அவன்’ என்பார்கள், ‘சின்னவன்’ என்பார்கள். எங்கள் மொட்டைமாடியிலிருந்து மலை தெரியும் என்பதால் அங்கே நின்று நான்கூட அந்தப் பேரை நினைக்கப் பயந்தேன். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லாரும் ஒரே ஆறுதலைத்தான் கொண்டுவந்தார்கள்: அவன் பேருக்கு உரிய நபியும் சின்ன வயதில் காணாமல் போனவர்தானே, பெற்றவர் அழுது கண் பூத்த பிறகு கிடைத்தாரே, அல்லாஹ் தருவான் என்பார்கள். அம்மா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அவுகளுக்கு அத்தா ஒரு நபி. எங்களுக்கு மளிகைக் கடைக்காரரு” என்பாள். வந்தவர்கள் எழுந்து செருப்பைத் தேடுவார்கள்.

ஜெயமங்கலத்தக்கா மட்டும் ஆறுதல் சொல்ல வந்ததில்லை. சித்திரை பிறந்ததும் ஒரு நாள் வருவாள், வெல்லம் கொண்டுவருவாள், அடுப்படிக்குப் பக்கத்தில் அம்மாவோடு உட்கார்ந்திருப்பாள், போய்விடுவாள். அவள் மகள் கல்யாணத்தில், தாலி கட்டும்போது, பெற்றவளே குலவையிட வாய் திறக்கவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டதாகக் கேள்வி. அம்மாவுக்கு அவள்மீது கோபம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அவள் செத்துப்போன செய்தி வந்த அன்று அம்மா சாப்பிடவில்லை.

அத்தா அடிக்கடி மலை ஏறினார். கடையைக் கணக்குப்பிள்ளையிடம் விட்டுவிட்டு, புல்வாசம் அடிக்கிற சட்டையோடு திரும்பிவருவார். அங்கே போய் என்ன செய்வார் என்றால், சரிவில் உட்கார்ந்து “ஏலே” என்று கூப்பிடுவாராம். விறகுக்குப் போனவர்கள் வந்து சொல்வார்கள். பிறகு காடு காப்பகம் ஆயிற்று. அடிவாரத்தில் சோதனைச் சாவடி வந்தது. வருஷத்தில் அந்த ஒரு நாள் தவிர யாரும் ஏறக் கூடாது என்றார்கள். காரணம் எனக்குப் புரிகிறது, என் வகுப்பில் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லியும் கொடுக்கிறேன்: சோலை இருந்தால்தான் சுனை, சுனை இருந்தால்தான் ஆறு, ஆறு இருந்தால்தான் நமக்குச் சோறு. ஆனால் சாவடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “உள்ள எம் பிள்ள இருக்கான் சார்” என்று சொன்ன ஒரு மனிதரை, அங்கிருந்த காக்கிச் சட்டைப் பையன் பைத்தியம் என்று நினைத்து, தண்ணீர் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டான். நல்ல பையன்தான். அத்தா அதற்கப்புறம் போகவில்லை. மாடியில் நாற்காலி போட்டு அந்தத் திசையைப் பார்த்தபடி உட்கார ஆரம்பித்தார், அப்படியே போய்ச் சேர்ந்தார்.

நான் தமிழாசிரியை. வருஷம் பிறந்தால் ஆறாம் வகுப்புக்குக் குறில் நெடில் நடத்த வேண்டும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை. மாத்திரை என்றால் கண் இமைக்கும் நேரம் என்று இலக்கணம் சொல்லும். பிள்ளைகள் உதாரணம் கேட்பார்கள். வளி, வாளி என்பேன். படம், பாடம் என்பேன். எனக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் ஒன்று இருக்கிறது, அதைக் கரும்பலகையில் எழுதியது இல்லை. அவன் என்ன, பயத்தில் கொஞ்சம் நீட்டிக் கூப்பிட்டிருப்பான். எந்தப் பிள்ளைதான் நீட்டாமல் கூப்பிடும்? அத்தா கேட்பார் என்றுதானே அவன் இன்னும் சத்தமாகக் கூப்பிட்டான். அவன் கூப்பிடக் கூப்பிட அவர்கள் கும்பிட்டார்கள். இதை மன்னிக்கலாம், மறக்கலாம் என்று எனக்குப் புத்தி சொன்னவர்கள் உண்டு. யாரை மன்னிப்பது? ஒரு மாத்திரையையா?

போன சித்திரையில், பௌர்ணமிக்கு முன்தினம், அம்மா திடீரென்று, “என்னைய மலைக்குக் கூட்டிட்டுப் போ” என்றாள். அந்த நாளுக்கு அப்புறம் அவள் ஓடையைத் தாண்டியதே இல்லை. எண்பதை நெருங்குகிற உடம்பு, மூட்டு இரண்டும் போய்விட்டது. ஏன் என்று கேட்டேன். “அத்தா போய்ட்டாக. நானும் போய்ட்டா கூப்பிட ஆளில்ல” என்றாள்.

இப்போது ஜீப் போகிறது. ஓடை எங்கே வந்தது, எங்கே போனது என்றே தெரியவில்லை. அதன்மேல் சிமெண்டுப் பாலம் கட்டியிருக்கிறார்கள். பானக்கம் இல்லை, அத்தா இருந்தபோதே விழாக்காரர்கள் வீட்டுக்கு வந்து மரியாதையாக, “உங்களுக்கு எதுக்கு பாய் வீண் சிரமம், நாங்க தண்ணி டேங்க் வச்சுக்கிறோம்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ராவுத்தரே என்று கூப்பிட்ட ஊர் பாய் என்று கூப்பிட்டது அன்றுதான். அவுலியாவின் கபுறைச் சுற்றிப் புதர் மண்டியிருக்கிறது, பச்சைத் துணி இல்லை. பாதையோரத்து மரங்களுக்கெல்லாம் தகரத்தில் பேர் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள். கோயிலுக்குக் கீழே பந்தல் போட்டு, மைக் செட் வைத்து, ஒரு பையன் காலையிலிருந்து ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்: வீரபாண்டியிலிருந்து வந்த இன்னார் எங்கிருந்தாலும் வரவும், குச்சனூர் இன்னாரை அவர் வீட்டுக்காரம்மா தேடுகிறார். எந்தப் பேரைச் சொன்னாலும் எதிர்ச்சரிவு அதை அப்படியே திருப்பிச் சொன்னது. ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பேர் சொல்லக் கூடாது என்று ஒரு விதி இருந்ததே அங்கிருந்த இளவட்டங்களுக்குத் தெரியவில்லை.

அம்மா மைக் பந்தலைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் என் கையை உதறிவிட்டு, கம்பைப் பிடித்துக்கொண்டு அங்கே போனாள். மைக் பிடித்திருந்த பையன் குனிந்து கேட்டான்.

“யாரத் தேடுறீகம்மா?”

“எம் மகன.”

“பேரு?”

அம்மா உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள். எனக்கு அவள் வாயைப் பொத்த வேண்டும் போலிருந்தது. “யூசுப்பு” என்றாள்.

“வயசு?”

“ஏழு.”

“என்ன சட்டை போட்ருக்கான்?”

“வெள்ளச் சட்ட, ஊதா டவுசரு. சட்டையில மேல் பித்தான் இருக்காது. தச்சுத் தாரேன்னேன், தைக்கல.”

அவன் அம்மாவை ஏற இறங்கப் பார்த்தான். பேரனை மகன் என்கிறாள் என்று நினைத்திருப்பான். மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனான். “கம்பத்தில் இருந்து வந்த யூசுப் என்ற ஏழு வயதுச் சிறுவன் எங்கிருந்தாலும் மைக் செட் அருகே வரவும். யூசுப், உங்க அம்மா இங்கன காத்திருக்காக.” எங்கள் வீட்டில் அத்தனை வருஷமாக யாரும் சொல்லாத பேரை மலை முழுக்கச் சொன்னான். எதிர்ச்சரிவு அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தது.

காவலுக்கு நின்ற பெண் போலீஸ் என்னிடம் ஓடிவந்து, “எப்ப இருந்துக்கா காணோம்?” என்றாள். “காலையில இருந்து” என்றேன். அதுவும் பொய்யில்லை. அதற்குள் யாரோ ஒரு பெண், வெள்ளைச் சட்டை போட்ட, அழுது மூக்கு வடிந்த ஒரு பையனைக் கையைப் பிடித்து இழுத்துவந்து அம்மா முன்னால் நிறுத்தினாள். “இந்தப் பிள்ளையா பாருங்கம்மா, வாயத் தொறக்க மாட்டேங்குறான்” என்றாள். அம்மா கம்பை என்னிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து, அவன் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் அவன் சட்டைக் கழுத்தைத் தடவினாள். மேல் பித்தான் இருந்தது.

“இவன் இல்ல” என்றாள்.

அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு, தலைமயிர் அவிழ, “ஹரீஷு! ஏ ஹரீஷு!” என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஒருத்தி வந்தாள். பையன் அம்மாவின் கையிலிருந்து திமிறி, “அம்மா” என்று ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டான். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள், யாரோ குலவையிட்டார்கள். அம்மா அவர்கள் இருவரும் கூட்டத்தில் மறைகிறவரை பார்த்துக்கொண்டே நின்றாள். ஏந்திய கை இன்னும் ஏந்தியபடியே இருந்தது.

“பேரச் சொல்லிக் கூப்பிட்டா வந்துருதுக” என்றாள்.